‘ஜெனரல் எஜுகேஷன்’: பொதுக்கல்வியா, பொதுப்பாடமா?

அமெரிக்காவின் கம்யூனிட்டி கல்லூரி ஒன்றில் ஈராண்டுப் பட்டத்துக்குச் சேரும் மாணவர், கணக்குப்பதிவியலை எடுத்தாலும் உயிரியலை எடுத்தாலும், தம் துறையோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு பாடத்தொகுதியையும் முடித்தாக வேண்டும். ஆங்கிலக் கட்டுரை, கணிதம், ஆய்வகத்துடன் கூடிய ஓர் இயற்கை அறிவியல், கலையோ இலக்கியமோ மெய்யியலோ சார்ந்த ஒரு பாடம், வரலாறு அல்லது உளவியல் போன்ற ஒரு சமூக அறிவியல் என அத்தொகுதி அமையும். அங்கே இதனை ‘ஜெனரல் எஜுகேஷன் ரிக்வயர்மென்ட்ஸ்’ என்பர். மாணவர் பேச்சில் அது ‘ஜி.இ.’ அல்லது ‘ஜென் எட்’ என்று சுருங்கிவிடும். தமிழில் எழுதுவோர் இதைப் ‘பொதுக்கல்வித் தேவைகள்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிடுகின்றனர். அத்தொடரில் ‘பொதுக்கல்வி’யும் பொருந்தவில்லை, ‘தேவை’யும் பொருந்தவில்லை.

முதலில் ‘பொதுக்கல்வி’யைப் பார்ப்போம். தமிழ்நாட்டு வாசகர் இச்சொல்லைக் கண்டவுடன் அரசு தன் செலவில் எல்லாருக்கும் வழங்கும் கல்வியையே நினைப்பார். தனியார்மயத்தைப் பற்றிய விவாதங்களில் ‘பொதுக்கல்வியைக் காக்க வேண்டும்’ என்று எழுதப்படுவது இப்பொருளில்தான். இலங்கை வாசகருக்கோ அது பள்ளிப் படிப்பு முழுவதையும் குறிக்கும். அந்நாட்டுக் கல்வித்துறை முதலாம் தரம் முதல் பதின்மூன்றாம் தரம் வரையுள்ள படிப்பைப் பொதுக் கல்வி என்றும் அதற்கு மேற்பட்டதை உயர்கல்வி என்றும் பிரிக்கிறது, க.பொ.த. என்னும் சுருக்கத்தின் நடுவெழுத்தும் ‘கல்விப் பொதுத் தராதரம்’ என்பதிலுள்ள பொதுவே. ஆகவே அமெரிக்கக் கல்லூரிப் பட்டம் பற்றிய ஒரு கட்டுரையில் ‘பொதுக்கல்வித் தேவைகள்’ என்று வந்தால், ஒருவர் அதை அரசுப் பள்ளிகளின் தேவைகள் என்றும், மற்றொருவர் சேர்க்கைக்கு முன் முடித்திருக்க வேண்டிய பள்ளிப் படிப்பு என்றும் கொள்வார். இரண்டாவது தவறு சிறியதன்று. விண்ணப்பிக்கும் மாணவர் தம் பிளஸ் டூ சான்றிதழே இதை நிறைவுசெய்துவிட்டது என்று எண்ணிக்கொள்ள அது இடம் தருகிறது.

‘ஜெனரல்’ என்பதன் வேர் இலத்தீனில் இனம், வகை என்று பொருள்படும் ‘கெனுஸ்’. ஓர் இனம் முழுவதற்கும் உரியது ‘ஜெனரல்’. அவ்வினத்துள் ஒரு பிரிவுக்கு மட்டும் உரியது ‘ஸ்பெஷல்’. இவ்விணை தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. நன்னூல் பாயிரத்தைப் பொது, சிறப்பு என இரண்டாகப் பகுத்து, எல்லா நூலுக்கும் உரியதைப் பொதுப்பாயிரம் என்றும் தனி ஒரு நூலுக்கு உரியதைச் சிறப்புப்பாயிரம் என்றும் கூறுகிறது. எனவே ‘ஜெனரல்’ என்பதற்குப் ‘பொது’ என்ற சொல் முழுக்கப் பொருந்தும். சிக்கல் அதோடு ‘கல்வி’ சேரும்போது எழுகிறது. ‘எஜுகேஷன்’ என்பதன் மூலமான இலத்தீன் வினை வளர்த்தெடுத்தலைக் குறிப்பது. அதனால் ஒரு நாட்டின் பள்ளி அமைப்பு முழுவதையும், ஒரு மாணவர் இரண்டு பருவங்களில் படித்து முடிக்கும் ஒரு பகுதியையும் ஆங்கிலம் அந்த ஒரே சொல்லால் சுட்ட முடிகிறது. தமிழில் நாம் பகுதியைப் ‘பாடம்’, ‘பாடத்தொகுதி’, ‘படிப்பு’ என்று சொல்லிப் பழகியவர்கள். இங்கே பேசப்படுவது பாடங்களின் ஒரு தொகுதி. எனவே ‘பொதுப்பாடம்’ என்பதே பொருளை நேராகத் தருகிறது.

இத்தொடர் கல்லூரிப் படிப்பைக் குறிக்கத் தொடங்கியபோது இன்றைய பொருளில் வழங்கவில்லை. 1829இல் அமெரிக்காவின் பௌடின் கல்லூரிப் பேராசிரியர் ஏ. எஸ். பேக்கர்ட் இதைக் கையாண்டபோது, எந்தத் தொழிலுக்குச் செல்பவருக்கும் ஒரேபோல் அடித்தளமாக அமையும் முழுக் கல்லூரிப் படிப்பையுமே ‘ஜெனரல் எஜுகேஷன்’ என்றார். அன்று கிரேக்கம், இலத்தீன், கணிதம் என எல்லா மாணவரும் ஏறத்தாழ ஒரே பாடங்களைப் படித்ததால், பொதுப்பாடம் என ஒன்றைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிரிவு பின்னர் வந்தது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர் தாமே பாடங்களைத் தெரிந்துகொள்ளும் முறையைப் பரப்பினார். அந்நூற்றாண்டின் இறுதியில் முதலாண்டு ஆங்கிலக் கட்டுரை தவிர அங்கே கட்டாயம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரவலும் வேண்டும் என்று விதித்தார். 1919இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சமகால நாகரிகம் பற்றிய பாடம் ஒன்றை எல்லா மாணவருக்கும் பொதுவாக வைத்தது. முன்னது வெவ்வேறு துறைகளிலிருந்து பொறுக்கி எடுக்கும் பரவல் முறை. பின்னது அனைவரும் ஒரே பாடத்தில் அமரும் முறை. இரண்டுக்குமே இன்று ‘ஜெனரல் எஜுகேஷன்’ என்றே பெயர். ஈராண்டுக் கல்லூரிகளில் நடைமுறையில் இருப்பது பெரிதும் பரவல் முறையே. எனவே ‘எல்லாரும் படிக்கும் ஒரே பாடம்’ என்று இதற்கு விளக்கம் எழுதினால் அது பாதி உண்மைதான்: பொதுவாக இருப்பவை பாடப்பிரிவுகள், அவற்றுள் எந்தப் பாடம் என்பது மாணவரின் தெரிவு. 1945இல் ஹார்வர்டு வெளியிட்ட அறிக்கையும், 1947இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையத்தின் அறிக்கையும் இச்சொல்லை நாடெங்கும் நிலைநிறுத்தின. ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்னும் பெயர் பரவலானதற்கும் இரண்டாவது அறிக்கையே முக்கியக் காரணம்.

(அப்பெயரைச் ‘சமுதாயக் கல்லூரி’ என்று பெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் அது தொழிற்பயிற்சிப் பட்டயம் வழங்கும் சிறு நிறுவனங்களைக் குறித்து வழங்கிவரும் சொல்.)

பட்டத்தின் பெயர் இதைவிடக் கடினமானது. ஈராண்டுப் பட்டத்தை ஆங்கிலத்தில் ‘அசோசியேட் டிகிரி’ என்பர். தோழன், கூட்டாளி என்று பொருள்படும் ‘சோசியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது ‘அசோசியேட்’. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் 1870களில் இச்சொல்லைத் தகுதிப் பெயராக வழங்கியது. அமெரிக்காவில் இதைப் பட்டமாக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். நான்காண்டுப் படிப்பை முதல் ஈராண்டு, பின் ஈராண்டு என இரண்டாகப் பிரித்த அவர், முதற்பகுதியோடு நின்றுவிடுவோர் தோற்றுப்போனவராகக் கருதப்படாமல் மதிப்போடு வெளியேற ஒரு பட்டம் வேண்டும் என்று எண்ணினார். 1900ஐ ஒட்டி அப்பட்டம் நடைமுறைக்கு வந்தது. அவருடைய தூண்டுதலோடு இல்லினாய் மாநிலத்தில் 1901இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரி, அந்நாட்டில் இன்றும் இயங்கும் அரசு ஈராண்டுக் கல்லூரிகளுள் மிகப் பழையது.

‘அசோசியேட்’ என்பதற்குத் தமிழில் ‘இணை’ என்று போடுவது வழக்கம்; ‘இணைப் பேராசிரியர்’ என்ற பதவிப் பெயர் அதற்கு முன்மாதிரியாக நிற்கிறது. ஆனால் ‘இணை’ என்றால் ஒப்பு, சோடி என்று பொருள்; ‘இணைப் பட்டம்’ எனக் கேட்பவர் அதைப் பட்டத்துக்கு நிகரான தகுதி என்றோ, மற்றொரு பட்டத்தோடு சேர்த்துப் பெறும் இரட்டைப் பட்டம் என்றோ எண்ணக்கூடும். வேரை மட்டும் நோக்கினால் ‘துணை’ என்பதே தோழமைக்கு நெருங்கிய சொல்லாயினும், கல்லூரி வழக்கில் ‘துணைப்பாடம்’ என்றால் ‘அல்லைடு’ பாடம் என்று ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. ‘பட்டயம்’ என்பதும் பொருந்தாது. அது தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோவின் பெயர், அப்படிப்பில் பத்தாம் வகுப்பு முடித்தவரே சேரலாம். ‘ஈராண்டுப் பட்டம்’ என்று எழுதுவதே தெளிவானது என்பது என் கருத்து. விண்ணப்பம், சான்றிதழ் மொழிபெயர்ப்பு போன்ற இடங்களில் ‘அசோசியேட் பட்டம்’ என ஒலிபெயர்த்து, ‘ஈராண்டுப் படிப்பு’ என்று ஒருமுறை விளக்கிவிடலாம்.

ஈராண்டு என்பதும் உண்மையில் நாட்காட்டிக் கணக்கன்று. அமெரிக்கக் கல்லூரிகள் படிப்பைக் ‘கிரெடிட்’ என்னும் அலகால் அளக்கின்றன. கலிபோர்னியாவில் அதற்கு ‘யூனிட்’ என்று பெயர். ஏறத்தாழ 15 வாரம் கொண்ட ஒரு பருவத்தில், வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பும் சேர்ந்தது ஒரு கிரெடிட். ஈராண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 60 கிரெடிட் வேண்டும், நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு 120. ஆண்டை நான்கு காலாண்டுகளாகப் பகுக்கும் வாஷிங்டன் மாநிலக் கல்லூரிகளில் அதே ஈராண்டுப் பட்டத்துக்கு 90 என்று இருக்கும். அலகு சிறியது என்பதைத் தவிர வேறுபாடில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் இந்த 60ஐ எட்ட நான்கைந்து ஆண்டுகள் எடுப்பதும் உண்டு. ‘கிரெடிட்’ என்பதன் இலத்தீன் மூலம் நம்புதல் என்னும் வினை. வங்கித் துறையில் அது கடனாயிற்று, இலங்கைத் தேர்வு முடிவுகளில் ‘திறமைச் சித்தி’ ஆயிற்று. கல்லூரிப் பொருளில் ‘மதிப்பலகு’ எனலாம். இதை ‘மதிப்பெண்’ என்று எழுதுவது பெரும்பிழை: மூன்று மதிப்பலகுப் பாடத்தில் ஏ தரம் பெற்றவருக்கும் சி தரம் பெற்றவருக்கும் கிடைப்பது அதே மூன்றுதான். மதிப்பெண் சராசரி வேறு கணக்கு.

அறுபதில் பொதுப்பாடத்துக்கு எத்தனை என்பது மாநிலத்தையும் பட்டத்தின் வகையையும் பொறுத்தது. டெக்சாஸின் பொதுத்தொகுதி 42 மதிப்பலகு. அதில் அமெரிக்க வரலாற்றுக்கு 6, அரசமைப்பு பற்றிய பாடங்களுக்கு 6 என நான்கில் ஒரு பங்குக்கு மேல் குடிமக்கள் பாடமாகவே போய்விடுகிறது. ஃப்ளோரிடாவில் 36. கலிபோர்னியாவில் முன்பு அம்மாநிலத்தின் இரு பல்கலைக்கழக அமைப்புகளும் வெவ்வேறு தொகுதிகளைக் கேட்டதால், எங்கே இடம் கிடைக்கும் என்று தெரியாத மாணவர் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருந்தது. 2021இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, 2025 இலையுதிர் பருவம் முதல் ‘கால்-ஜிஇடிசி’ என்னும் 34 யூனிட் கொண்ட ஒரே தொகுதி நடைமுறைக்கு வந்தது. ஆங்கில எழுத்து, திறனாய்வுச் சிந்தனை, மேடைப்பேச்சு ஆகிய மூன்றுக்கும் அதில் 9 யூனிட்; இனக்குழுவியலுக்கு 3. டெக்சாஸ் வரலாற்றையும் அரசமைப்பையும் வைத்த இடத்தில் கலிபோர்னியா மேடைப்பேச்சையும் இனக்குழுவியலையும் வைக்கிறது. ஒரு மாநிலம் தன் குடிமக்கள் அனைவருக்கும் எதைப் பொது என்று கருதுகிறது என்பது அதன் அரசியலிலிருந்து முழுதும் விலகி நிற்பதில்லை.

பட்டத்தின் வகை இதைவிடப் பெரிய வேறுபாட்டைத் தரும். நியூயார்க் மாநில விதி இதை விகிதமாகவே சொல்லிவிடுகிறது. கலைகள், அறிவியல்கள் சார்ந்த பாடங்கள் ஏ.ஏ. எனப்படும் கலை அசோசியேட் பட்டத்தில் நான்கில் மூன்று பங்கும், ஏ.எஸ். எனப்படும் அறிவியல் அசோசியேட் பட்டத்தில் பாதியும், தொழில்சார்ந்த ஏ.ஏ.எஸ். எனப்படும் பயன்பாட்டு அறிவியல் அசோசியேட் பட்டத்தில் மூன்றில் ஒரு பங்கும் இருக்க வேண்டும். முதல் இரண்டும் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச் செல்வோருக்காக அமைந்தவை, மூன்றாவது நேரே வேலைக்குச் செல்வோருக்கானது. ஏ.ஏ.எஸ். முடித்தவர் பின்னர் இளநிலைப் பட்டத்துக்கு மாற விரும்பினால், பொதுப்பாடப் பற்றாக்குறையே பெரும்பாலும் முதல் தடையாக நிற்கும். தென்மாநிலக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமைப்பு எந்த ஈராண்டுப் பட்டத்துக்கும் குறைந்தது 15 மதிப்பலகு பொதுப்பாடம் வேண்டும் என்கிறது. அத்துடன், ஒரு குறிப்பிட்ட தொழிலின் செய்முறைகளையும் உத்திகளையும் மட்டும் கற்பிக்கும் பாடம் இக்கணக்கில் சேராது என்றும் விதிக்கிறது. ‘பொது’ என்பதற்கு நான் கண்டவற்றுள் மிகத் தெளிவான வரையறை இதுவே.

இங்கே இன்னொரு மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். பொதுப்பாடம் என்பது அடிப்படைப் பாடமோ எளிய பாடமோ அன்று. பள்ளி நிலையில் பின்தங்கியோருக்கு நடத்தப்படும் ஆயத்தப் பாடங்கள் பட்டக் கணக்கில் சேர்வதே இல்லை. இது துறைப்பெயரும் அன்று. வரலாற்றுப் பாடம் ஒன்று கணினி மாணவருக்குப் பொதுப்பாடமாகவும், வரலாற்று மாணவருக்கு முதன்மைப் பாடமாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரி வழக்கில் இதற்கு ஓரளவு ஒத்தது பார்ட் ஒன் தமிழும் பார்ட் டூ ஆங்கிலமும். இயற்பியல் மாணவரும் பொருளியல் மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து செய்யுள் படிப்பது அந்த ஏற்பாட்டால்தான். ஆனால் நம்முடையது மொழியோடு பெரிதும் நின்றுவிடுகிறது. இயற்பியல் மாணவர் உளவியலையும் ஓவிய வரலாற்றையும் மதிப்பலகுக்காகக் கற்றாக வேண்டும் என்று அது கேட்பதில்லை.

இனி ‘ரிக்வயர்மென்ட்’. தமிழில் ‘தேவை’ என்பது ஒருவருக்கு வேண்டியிருப்பது. ‘மாணவர்களின் பொதுக்கல்வித் தேவைகள்’ என்றால் மாணவருக்குத் தரப்பட வேண்டியவை என்றாகிவிடும். மூலத்தில் இருப்பது அதற்கு எதிர்த்திசை: கல்லூரி கேட்கிறது, மாணவர் நிறைவேற்றுகிறார். ‘நிபந்தனை’ என்னும் சொல் இந்தத் திசையைச் சரியாகக் காட்டும். விதிகளைப் பற்றிப் பேசும்போது ‘பொதுப்பாட நிபந்தனைகள்’ என்றும், பாடங்களையே சுட்டும்போது ‘கட்டாயப் பொதுப்பாடங்கள்’ என்றும், மொத்தத் தொகுதியைக் குறிக்கப் ‘பொதுப்பாடத் தொகுதி’ என்றும் எழுதலாம். ‘ஈராண்டுப் பட்டத்துக்கான 60 மதிப்பலகில் 34 கட்டாயப் பொதுப்பாடங்களுக்கு உரியவை’ என்னும் வாக்கியம், ஆங்கிலச் சொல் தெரியாதவருக்கும் விளங்கும். ‘மாறிச் செல்லும் முன் பொதுப்பாட நிபந்தனைகளை நிறைவு செய்தவர், புதிய கல்லூரியில் அவற்றை மீண்டும் படிக்க வேண்டியதில்லை’ என்பதும் அவ்வாறே.