மூத்திரப் பையில் வளரும் முரட்டுக் கிருமி

பெரியப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ஆறாம் நாள் குளிர்காய்ச்சல். சிறுநீர் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘கிளெப்சியெல்லா’ என்றொரு பாக்டீரியாவின் பெயர், கீழே மருந்துகளின் நீண்ட பட்டியல். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆர்’. ரெசிஸ்டன்ட், இந்த மருந்துக்கு அது மசியாது. ‘எஸ்’, அதாவது மசியும் மருந்து, இரண்டே இரண்டு.

ஆபரேஷனுக்குப் போட்ட யூரின் ட்யூப் அன்றுவரை எடுக்கப்படவில்லை. சாதாரணமாக நாம் சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏறப் பார்க்கும் கிருமிகள் அடித்துக்கொண்டு போய்விடும். ட்யூப் போட்டால் அந்தக் கழுவல் நின்றுவிடுகிறது. ட்யூப் நழுவாமல் பிடித்திருக்கும் சின்ன பலூனுக்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கும். ட்யூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் ஆனால் அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடும்.

தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரை விரலால் தேய்த்தால் வழுவழுவென்று ஒன்று ஒட்டுமே, அதே மாதிரி ஒரு படலத்தை ட்யூபுக்குள் கிருமிகள் கட்டுகின்றன. பயோஃபிலிம் என்பார்கள். பென்சிலின் வகை மருந்துகள், பாக்டீரியா வளர்ந்து தன் சுவரைக் கட்டும் நேரத்தில்தான் கை வைக்கும். படலத்தின் அடியில் கிடப்பவை வளராமல் சோம்பிக் கிடக்கின்றன. கட்டாத சுவரை எப்படி இடிப்பது?

இது மறைவிடம் மட்டும்தான். ஆயுதம் வேறு. மருந்தின் மூலக்கூறில் உள்ள ஒரு வளையத்தை வெட்டிப்போடும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தில் இருக்கும். அதை நகலெடுத்துப் பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கொடுக்கலாம். நெருக்கியடித்துக்கொண்டு வாழும் படலத்துக்குள் அதற்கு வசதி அதிகம்.

2008-ல், டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லாவில்தான் என்டிஎம்-1 என்ற நொதி முதலில் பிடிபட்டது. கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே அது வெட்டியது. 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், அந்த நொதி கொண்ட கிருமிகள் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இருந்தன. என்டிஎம்மில் ‘என்டி’ என்பது ‘நியூ டெல்லி’. நொதியின் பெயரில் ஊர்ப்பெயர் எப்படி வரலாம் என்று இங்கே பெரிய சண்டையே நடந்தது. அந்தக் கோபத்தில் பாதியை மருந்துச் சீட்டுகள் மேல் காட்டியிருக்கலாம்.

ஏனென்றால் கல்ச்சரில் கிருமி வந்தாலே வியாதி என்று அர்த்தமில்லை. காய்ச்சலோ வலியோ இல்லாத ஆளுக்கு ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் ஆன்டிபயாட்டிக் போட்டால், சாதுக் கிருமிகள் சாகும், முரடுகளுக்கு இடம் தாராளமாகும். கர்ப்பிணிகள் போன்ற சிலருக்கு மட்டும் கணக்கு வேறு. மற்றபடி நல்ல வைத்தியம், தேவை முடிந்த அன்றே ட்யூபை உருவிவிடுவது. பைசா செலவில்லை.

அதுவரை, ட்யூபின் மறுமுனையில் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை, உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும். மேலே தூக்கினால் பையில் பெருகிய கிருமியோடு சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். பெரியப்பாவை ஸ்கேனுக்குக் கொண்டுபோனபோது, ஸ்ட்ரெச்சரில் பையை அவர் வயிற்றின் மேல் வைத்துத்தான் தள்ளினார்கள். கீழே விழுந்துவிடக் கூடாதே என்று நானே அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.