மூச்சு வாங்குது என்றால் நாங்கள் என்ன எழுதிக்கொள்கிறோம்?

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் ஓ.பி.க்கு ஒரு பெண் வந்தார். வயது முப்பத்து நான்கு. "காத்து உள்ள போகுது டாக்டர், ஆனா பத்த மாட்டேங்குது" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆக்சிமீட்டர் 98 காட்டியது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் அளவு கொஞ்சம் குறைவு. சரியாக ஊதத் தெரியவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். ஃபைலில் 'பதற்றம்' என்று எழுதினேன். அவர் மனசுக்காக ஒரு இன்ஹேலரும் கொடுத்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அவசரப் பிரிவுக்கு வந்தார். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்து, வலது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. சி.டி. எடுத்தால் இரண்டு பக்கமும் மெல்லிய சுவருள்ள சின்னச் சின்னக் காற்றறைகள். லாம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய். மிக அரிதானது, கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருவது, அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஆஸ்துமா என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் மருந்து கொடுப்பதும் உண்டு. நான் அதைக்கூடச் செய்யவில்லை, பதற்றம் என்று எழுதினேன்.

வார்டில் அவர் என்னிடம் கோபப்படவில்லை. "இது வேற யாருக்காவது இருக்கா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். பதில் தேடப் போனபோதுதான் ஹாவி காரெல் என்ற பெயர் கண்ணில் பட்டது. இப்போது இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். எசெக்ஸில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஃப்ராய்டும் ஜெர்மன் தத்துவவாதி ஹெய்டெக்கரும் மரணத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதுதான் அவருடைய முதல் புத்தகம். அது வெளிவந்தது 2006இல். அதே 2006இல், முப்பத்தைந்து வயதில், அவருக்கு லாம் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அந்த நோய்க்கென்று மருந்து கிடையாது. (இன்றைக்கு நிலைமை பரவாயில்லை. உறுப்பு மாற்று சிகிச்சையில் கொடுத்துவந்த சிரோலிமஸ், நுரையீரல் திறன் சரிவதைத் தடுத்து நிறுத்துகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. 2015இல் அமெரிக்கா அதை லாம் நோய்க்கு அனுமதித்தது.)

2008இல் நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 2016இல் அதையே விரித்து, கனமான ஒரு தத்துவ நூல். நான் முதலாவதை இரண்டு முறை படித்தேன். இரண்டாவதில் ஹெய்டெக்கர் வரும் இடங்களில் திணறினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பிடித்துக்கொள்ளும் நுனி மெர்லோ-போன்டி என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியிடமிருந்து வருகிறது. நமக்கு உடம்பு இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று, நான் ஸ்கேனில் பார்க்கிற உடம்பு. இன்னொன்று, நீங்கள் உள்ளேயிருந்து வாழ்கிற உடம்பு. நன்றாக இருக்கும்வரை இரண்டாவதை நாம் கவனிப்பதே இல்லை. மாடிப்படி ஏறும்போது 'ஏற முடியுமா' என்று யாராவது யோசிக்கிறோமா? அந்த யோசனை முளைக்கிற நிமிஷத்தைத்தான் காரெல் 'உடல் மீதான ஐயம்' என்கிறார். அதற்குப் பிறகு ஊரே மாறிவிடுகிறது. தெருமுனைக் கடை தூரமாகிறது, சின்ன மேடு மலையாகிறது. நுரையீரல் திறன் இத்தனை சதவீதம் என்ற எண்ணில் இது எதுவும் இருக்காது. அந்த எண்ணும் நோயாளி படும் மூச்சுத்திணறலும் பல சமயம் ஒத்துப்போவதில்லை என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எண்ணைத்தான் நம்புகிறோம்.

என்னை உறுத்தியது இன்னொரு கருத்து. மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் அறிவு சார்ந்த அநீதி என்ற ஒன்றைப் பற்றி எழுதினார். ஒருவர் சொல்வதை, அவர் இன்னார் என்பதாலேயே குறைத்து நம்புவது அதில் ஒரு வகை. தனக்கு நடப்பதைச் சொல்ல ஒருவருக்கு வார்த்தையே கிடைக்காமல் போவது இன்னொரு வகை. காரெலும் இயன் ஜேம்ஸ் கிட் என்பவரும் 2014இல் இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார்கள். நோயாளி என்றாலே பயந்தவர், மிகைப்படுத்துபவர், விஷயம் தெரியாதவர் என்ற நினைப்பு எங்களுக்கு முன்கூட்டியே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். வீட்டுப் பிரச்சினை, தூக்கம் என்று அன்று நான் கேட்ட கேள்விகளை நினைத்துப் பார்த்தேன். அதே புகாரோடு ஐம்பது வயது ஆண் ஒருவர் வந்திருந்தால் அப்படி ஆரம்பித்திருப்பேனா? மாட்டேன்.

இரண்டாவது வகையில் மட்டும் எனக்கு ஒரு சின்ன மறுப்பு உண்டு. நம் நோயாளிகளுக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை. மூச்சு வாங்குது, முட்டுது, இழுக்குது, அடைக்குது, திணறுது, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. ஒவ்வொன்றும் வேறு வேறு. 'இழுக்குது' என்றால் விசில் சத்தம் இருக்கிறதா என்று கேட்பேன். 'அடைக்குது' என்றால் இதயத்தையும் நினைப்பேன். இத்தனையையும் வாங்கிக்கொண்டு கேஸ் ஷீட்டில் நாங்கள் எழுதுவது ஒரே சொல்: டிஸ்ப்னியா, அதாவது மூச்சுத்திணறல். வார்த்தையைத் தொலைப்பது நாங்கள்தான்.

சரி, வருகிறவர்கள் என்ன செய்யலாம்? ஒரு ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். அதில் "மூச்சு வாங்குதா?" என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை என்று முடித்துவிடாதீர்கள். எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு அம்மா என்னிடம் "அதெல்லாம் இல்ல டாக்டர்" என்றார். கூட வந்த மகள்தான், "மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஆறு மாசமா நீ போறதே இல்லையேம்மா" என்றாள். படி ஏறுவதை நிறுத்திவிட்டால் மூச்சு எப்படி வாங்கும்? ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லியும் தொந்தரவு போகவில்லையென்றால், போகவில்லை என்று திரும்ப வந்து சொல்லுங்கள். அப்புறம், திடீரென்று ஒரு பக்க நெஞ்சு வலியோடு மூச்சு முட்டினால் ஓ.பி. டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

காரெலும் மற்றவர்களும் டரம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மூச்சைப் பற்றியே சில வருஷம் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். தத்துவம், வரலாறு, மருத்துவம் எல்லாம் ஒரே மேஜையில். என் ஓ.பி.யில் அந்த அளவுக்கு வசதி இல்லை. நோயாளியின் முதல் வாக்கியத்தை அவர் சொன்னபடியே, தமிழில், கேஸ் ஷீட்டின் மேலே எழுதிவைக்க ஆரம்பித்தேன். ஜூனியர்கள் முதலில் சிரித்தார்கள்.

போன வாரம் எழுதியது இது: "நடந்தா ஒண்ணும் இல்ல, கோலம் போடக் குனிஞ்சாத்தான் மூச்சு முட்டுது." குனிந்தால் முட்டுவது இதயம் பலவீனமாவதற்கும் ஒரு அறிகுறி. எக்கோவுக்கு அனுப்பியிருக்கிறேன். ரிப்போர்ட் திங்கட்கிழமை வரும்.