ஐந்து நட்சத்திர ஏர்கான், ஒற்றை நட்சத்திரக் கட்டடம்

போன வாரம் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். உரிமையாளர் என்னை உட்காரக்கூட விடவில்லை. கூட்ட அறையில் புதிதாக மாட்டிய ஏர்கானைக் காட்டினார். "பாருங்க தம்பி, அஞ்சு ஸ்டார். எல்லா மாடிக்கும் வாங்கிட்டேன். நம்ம கட்டடத்துக்கும் அஞ்சு கிடைச்சிடும்ல?" இந்த ஆண்டில் இதே கேள்வியை என்னிடம் கேட்ட நான்காவது ஆள் இவர்.

ஐயா, அந்த ஸ்டிக்கர் ஏர்கானுடையது. கட்டடத்துக்கென்று, மின்செலவைப் பொறுத்து 1 முதல் 5 நட்சத்திரம் வரை போட்ட லேபிள் தனியாக இருக்கிறது. அந்த நட்சத்திரத்தைத் தருவது உங்கள் 12 மாத தெனாகா மின்சார பில். ஓராண்டில் செலவான யூனிட்டைத் தரைப்பரப்பால் வகுத்தால் ஓர் எண் வரும். அலுவலகக் கட்டடம் என்றால், சதுர மீட்டருக்கு 100 யூனிட்டுக்குள் இருந்தால் 5 நட்சத்திரம். 250ஐத் தாண்டினால் ஒன்றே ஒன்று. என்ன பிராண்டு, என்ன விலை என்ற கேள்வியே அதில் கிடையாது. ஐந்து நட்சத்திர ஏர்கானை ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அறையில் ஓடவிட்டால் அந்த யூனிட்டும் கணக்கில் ஏறும். கட்டும்போது வாங்கிய பசுமைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்களுக்கும் இதேதான். கட்டடம் எப்படி ஓடும் என்று அன்றைக்கு வரைபடம் சொன்னது. எப்படி ஓடுகிறது என்று பில் சொல்கிறது.

அவர் கட்டடம் 10,000 சதுர மீட்டர், ஆண்டுக்கு 26 லட்சம் யூனிட். கைப்பேசியிலேயே வகுத்துக் காட்டினேன். 260. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "கார் நிறுத்துற இடத்தையும் பரப்பளவுல சேர்த்துக்கலாமே?" என்றார். கூடாது. (இந்த யோசனை மட்டும் எல்லாருக்கும் தானாக வந்துவிடுகிறது!)

கட்டடம் முழுவதையும் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இருக்கும் அறைக்குப் போனோம். டைமர் பெட்டிமேல் 'ஜாங்கான் உசிக்' (தொடாதீர்கள்) என்று எழுதிய தாள். ஒட்டிய டேப் மஞ்சளாகிப் போயிருந்தது. சுவிட்ச் 'மேனுவல்' பக்கம். எப்போதோ ஒரு பெருநாள் விடுமுறையில் பெயிண்ட் அடிக்க வந்தவர்களுக்காக மாற்றினார்களாம். யாரும் திருப்பி வைக்கவில்லை. அன்றிலிருந்து சில்லர் இரவு பகலாக ஓடுகிறது. மூன்றாம் மாடியில் கணக்குப் பிரிவு அக்கா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தார். அவர் மேசையில் என் வெப்பமானி 20 டிகிரி காட்டியது. கட்டடங்களுக்கான நம் மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 சொல்வது 24 முதல் 26.

மலேசியாவின் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்களுக்கு இந்த நட்சத்திர லேபிள் கட்டாயம். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறவர்களே, அடுத்த வருட லேபிளில் வரப்போவது இந்த மாத பில்தான்.

டைமரை இன்றைக்கே பாருங்கள். தெர்மோஸ்டாட்டை 24இல் வையுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. சர்வர் அறைக்குத் தனி மீட்டர் போடுங்கள். எந்த மாடியில் விடிய விடிய விளக்கு எரிகிறது என்று இரவுக் காவலரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். பில்களைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் போடுங்கள். பிஸ்கட் டின்னிலிருந்து பொறுக்கியெடுக்க எனக்குத் தெம்பில்லை.

புது ஏர்கானுக்கு ஆர்டர் கொடுக்குமுன், தயவுசெய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் கட்டடத்துக்குப் போய், சில்லர் அறைக் கதவில் காதை வைத்துக் கேளுங்கள்.