இரண்டு கொடிகளுக்கு ஒரே கடற்படைத் தலைமையகம்

1944 செப்டம்பர் 4 அன்று நேச நாட்டுப் படைகள் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தைப் பெரிய சேதமில்லாமல் கைப்பற்றின. ஆனால் முதல் சரக்குக் கப்பல் வரிசை உள்ளே வந்து சேர்ந்தது நவம்பர் 28 அன்றுதான். ஆன்ட்வெர்ப் கடலோரத்தில் இல்லை, ஷெல்ட் ஆற்றில் வெகுதூரம் உள்ளே இருக்கிறது. அந்த ஆற்றின் முகத்துவாரம் நெதர்லாந்து மண். அங்கே கரையில் ஜெர்மன் பீரங்கிகள் இருந்தன, தண்ணீருக்கடியில் கண்ணிவெடிகள் கிடந்தன. பீரங்கிகள் ஓய்ந்த பிறகும் கண்ணிவெடிகளை அகற்றி வழி உண்டாக்க வாரக்கணக்கில் ஆனது.

பெல்ஜியத்தின் மிகப் பெரிய துறைமுகத்துக்கு வாசல் அண்டை நாட்டில் இருக்கிறது. 1830-இல் நெதர்லாந்திடமிருந்து பிரிந்த நாடு பெல்ஜியம். பிரிவுக்குப் பிறகு ஷெல்ட் வழியே போகும் கப்பல்களுக்கு நெதர்லாந்து விதித்த சுங்கம் 1863 வரை இரு நாடுகளுக்கும் இடையே உரசலாகவே இருந்தது. அப்படிப்பட்ட இருவரும் 1948-இல் கடற்படை ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டார்கள். பெல்ஜியக் கடற்படைக்கு அப்போது வயது இரண்டுதான்.

அரை நூற்றாண்டு படிப்படியாகப் பேசிப் பேசி வளர்ந்த உறவு அது. 1996 முதல் இரு கடற்படைகளின் செயல்பாட்டுத் தலைமையும் நெதர்லாந்தின் டென் ஹெல்டர் நகரில் ஒன்றாக இயங்குகிறது. தலைவருக்கு 'பெனெலக்ஸ் அட்மிரல்' என்று பெயர் (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பெயர் பெனெலக்ஸ்). நெதர்லாந்து கடற்படைத் தளபதி அந்தப் பொறுப்பை வகிக்கிறார், பெல்ஜியத் தளபதி அவருக்குத் துணை.

இதன் உயிர்நாடி வேலைப் பங்கீடு. இரு நாடுகளும் ஒரே வகை ஃபிரிகேட் போர்க்கப்பல்களை வைத்திருக்கின்றன. பெல்ஜியம் தன்னுடைய இரண்டையும் நெதர்லாந்திடமிருந்தே வாங்கியது. ஃபிரிகேட்டுகளின் பராமரிப்பை நெதர்லாந்து கவனிக்கிறது. கண்ணிவெடி தேடும் கப்பல்களைப் பெல்ஜியம் ஜீப்ரூஜ் துறைமுகத்தில் கவனிக்கிறது. பயிற்சியிலும் இதே ஏற்பாடுதான்: கண்ணிவெடிப் போர் படிக்க நெதர்லாந்து மாலுமி பெல்ஜியத்தின் ஓஸ்டெண்டுக்குப் போகிறார். இரண்டு பட்டறை, இரண்டு பள்ளிக்கூடம், இரண்டு உதிரிபாகக் கிடங்கு என்று செலவழிக்க இரு நாடுகளுக்கும் கட்டுப்படியாகாது.

சரி, ஒரு நாடு போருக்குப் போக விரும்பி மற்றது விரும்பாவிட்டால்? அதற்கான விடையில்தான் இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் இருக்கிறது. பயிற்சி, பராமரிப்பு, திட்டமிடல் எல்லாம் பொது. கப்பலை ஒரு பணிக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் பொதுவல்ல. பெல்ஜியக் கப்பலுக்கு பிரஸ்ஸல்ஸில் உள்ள அரசு முடிவெடுக்கும், நெதர்லாந்து கப்பலுக்கு தி ஹேக்கில் உள்ள அரசு. ஒருவர் மறுத்தால் மற்றவர் தன் கப்பல்களோடு போகலாம். நாடாளுமன்றங்கள் இதற்குச் சம்மதித்ததே இந்தக் கோடு தெளிவாக இருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

2016-இல் இரு பாதுகாப்பு அமைச்சர்களும் அடுத்த தலைமுறைக் கப்பல்களையும் சேர்ந்தே வாங்க ஒப்புக்கொண்டார்கள். ஃபிரிகேட்டுக்கு நெதர்லாந்து தலைமை, கண்ணிவெடிக் கப்பலுக்கு பெல்ஜியம் தலைமை. 2019-இல் நாட்டுக்கு ஆறு வீதம் 12 கண்ணிவெடிக் கப்பல்களுக்கு பெல்ஜியம் ஒப்பந்தம் செய்தது. அதாவது நெதர்லாந்துக்கான ஆறையும் சேர்த்து பெல்ஜியமே பேரம் பேசியது.

இந்தக் கப்பல்களின் பின்னால் உள்ள அறிவியலும் சுவையானது. நவீனக் கடற்கண்ணி கப்பல் வந்து மோதும்வரை காத்திருப்பதில்லை. எஃகு உடல் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் உண்டாக்கும் மாற்றம், இயந்திரத்தின் ஓசை, கப்பல் கடக்கும்போது அடியில் ஏற்படும் அழுத்த மாற்றம் ஆகியவற்றை உணர்ந்து வெடிக்கிறது. முதல் சில கப்பல்களைப் போகவிட்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் வெடிக்கும்படியும் அமைக்கலாம். அதனால் 1980-களில் பிரான்ஸோடு சேர்ந்து கட்டிய பழைய கப்பல்களின் உடல் கண்ணாடியிழையால் ஆனது, காந்தத்தன்மை மிகக் குறைவு. அவை ஆபத்தான நீர்ப்பரப்புக்குள்ளேயே போய், சோனார் ஒலியால் கடலடியைத் துழாவி, சந்தேகமான பொருளிடம் ஒரு சிறு நீர்மூழ்கிக் கருவியை அனுப்பும்.

புதிய கப்பல் அந்தப் பரப்புக்குள் நுழையாமல் வெளியே நின்றுவிடும். ஆளில்லாப் படகும் நீருக்கடி ட்ரோன்களும் உள்ளே போகும், சோனாரை இழுத்துச் செல்லும், கண்ணிவெடியைக் கண்டுபிடித்து அழிக்கும். மாலுமிகள் தொலைவில் இருக்கலாம், உடலை எஃகிலேயே கட்டலாம். இரண்டு உலகப் போர்களின் கண்ணிவெடிகளும் குண்டுகளும் வட கடலில் இன்னும் மீனவர் வலைகளில் சிக்குவதால், அமைதிக் காலத்திலும் இவற்றுக்கு வேலை ஓயாது.

இந்தப் பங்கீட்டில் ஒரு பலவீனம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஒரு நாடு பட்ஜெட்டை வெட்டினால் அடி இரண்டு நாட்டுக்கும் விழும். ஜீப்ரூஜில் பராமரிப்பு தாமதமானால் நெதர்லாந்து கப்பலும் துறைமுகத்தில் நிற்கும், டென் ஹெல்டரில் ஆள் பற்றாக்குறை என்றால் பெல்ஜிய ஃபிரிகேட்டும் நிற்கும். அதனால்தான் இரு அமைச்சகங்களுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை ஒப்பந்தம் கையெழுத்தானதோடு முடிவதில்லை. எத்தனை கப்பல், யார் பணம், எந்த ஆண்டு என்று தொடர்ந்து பேசியாக வேண்டியிருக்கிறது.