செயலிழந்த கையை ‘நன்றாக இருக்கிறது’ என்று சாதிக்கும் மூளை

சர்க்கரை ரிப்போர்ட் வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். ‘லேப்ல மாத்திக் கொடுத்திருப்பாங்க’ என்பார் ஒருவர், ‘முந்தாநாள் கல்யாணத்துல ரெண்டு ஜிலேபி சாப்பிட்டேன், அதான்’ என்பார் இன்னொருவர். எடுத்தது ஹெச்பிஏ1சி என்றால் அது இரண்டு மூன்று மாதச் சராசரி, ரெண்டு ஜிலேபிக்கெல்லாம் அசையாது. டாக்டர் இதைச் சொன்னாலும் காதில் ஏறாது. இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தால் தப்பு. பொய் சொல்கிறவருக்கு உண்மை தெரியும். இங்கே உண்மை உள்ளே நுழைவதற்கு முன்பே வாசலில் யாரோ மடக்கித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1890களிலேயே இதைத் தொட்டுவிட்டார். அவர் மகள் அன்னா ஃபிராய்ட் 1936இல் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் இந்தத் தற்காப்பு உத்திகளை வகை பிரித்துத் தனிப் புத்தகமே எழுதினார்: மறுப்பது, சாக்குக் கண்டுபிடிப்பது, நம் குறையை அடுத்தவர் தலையில் ஏற்றுவது என்று நீளமான பட்டியல். ஃபிராய்ட் சொன்னதில் பாதியைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லை என்பது பழைய புகார், நியாயமான புகாரும்கூட.

ஆனால் பக்கவாத வார்டில் இந்த உத்திகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் உடம்பின் இடப்பக்கம் செயலிழக்கும். அப்படி ஆனவர்களில் சிலர், மற்ற எல்லாவற்றையும் தெளிவாகப் பேசிக்கொண்டே, ‘கைக்கு ஒன்றுமில்லை’ என்பார்கள். 1914இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி இதற்கு அனோசோக்னோசியா என்று பெயர் வைத்தார். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸுக்கு 1974இன் கடைசி நாளில் பக்கவாதம் வந்தது. பக்கவாதமெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லி நிருபர்களை மலையேறக் கூப்பிட்டார், 1975 நவம்பர் வரை பதவியையும் விடவில்லை. மீசையில் மண் ஒட்டவில்லை என்பவர்கூட விழுந்தது தெரிந்துதான் சொல்கிறார், இவருக்கு அதுவே தெரியவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியா போன நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசினார். கையைத் தூக்கச் சொன்னால் ‘மூட்டுவலி’ என்பார் ஒருவர். இன்னொருவர் அது தன் கையே இல்லை, சகோதரனுடையது, பாருங்கள் எவ்வளவு முடி என்பார். ஷூ லேஸைக் கட்டச் சொன்னபோது ஒரு பெண்மணி ஒற்றைக் கையால் போராடித் தோற்றார். மறுநாள் கேட்டால், ‘ரெண்டு கையாலும் கட்டினேனே!’ சாதாரணமாக யாராவது ‘ரெண்டு கையாலும்’ என்று சேர்த்துச் சொல்வார்களா? தெரியாத விஷயத்தை இவ்வளவு அழுத்தி மறுக்க மாட்டோம். உள்ளே எங்கோ தெரிந்திருக்கிறது.

அவமானம் தாங்காமல் மறுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அப்படியென்றால் வலது கை செயலிழந்தவர்களும் இதே அளவு மறுக்க வேண்டும், ஆனால் அவர்களிடம் இது குறைவாகவே காணப்படுகிறது. ராமச்சந்திரன் தந்த விளக்கம் இது: இடப்பக்க மூளை, நடப்பதையெல்லாம் சேர்த்து ஒரே சீரான கதையாகக் கட்டும், ஒட்டாததை ஒதுக்கும், தேவைப்பட்டால் கொஞ்சம் புனையும். ‘ஏம்ப்பா, இது சரியில்லையே’ என்று குறுக்கிடுவது வலப்பக்கம். அது அடிபட்டால் கதை சொல்கிறவரைத் தட்டிக்கேட்க ஆளில்லை. இது இன்னும் கருதுகோள்தான், எல்லா நரம்பியல் ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் விசித்திரமான பகுதி. இடது காதில் ஜில்லென்ற தண்ணீரை ஊற்றினால் உடம்பின் சமநிலை நரம்புகள் வழியாக வலப்பக்க மூளை தூண்டப்படும். ராமச்சந்திரன் அப்படி ஊற்றியதும், அதுவரை மறுத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, கை செயலிழந்து சில நாட்களாகிறது என்று தானே சொன்னார். அப்படியானால் அத்தனை நாளும் அந்தத் தகவல் உள்ளே பதிவாகிக்கொண்டுதான் இருந்திருக்கிறது! தூண்டல் அடங்கியதும் பழையபடி மறுப்பு. சில மணி நேரம் கழித்து விசாரித்தபோது, இந்திய டாக்டர் வந்தது, காதில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது, கையைப் பற்றிக் கேட்டது எல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றதற்கு மட்டும், இரண்டு கையும் நன்றாக இருப்பதாகச் சொன்னேன் என்றார்.