என்விஎம்இ எஸ்எஸ்டியைக் கண்டுகொள்ளாத பழைய கணினி

"புதிய எஸ்எஸ்டி பழுது" என்று என் மேசைக்கு வரும் டிரைவ்களில் பெரும்பாலானவற்றில் ஒரு குறையும் இருப்பதில்லை. கதை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த கணினி. இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. வேகம் மட்டும் போதவில்லை. ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு டிரைவ்) அதை மாட்ட ஓர் அடாப்டரும் வாங்குகிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் அதை உடனே அடையாளம் காண்கிறது. கோப்புகள் பறக்கின்றன. அந்தத் தெம்பில் விண்டோஸ் முழுவதையும் புதிய டிரைவுக்கு அப்படியே நகலெடுத்து (குளோன் செய்து), பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கினால், பூட் செய்ய, அதாவது தொடங்க, எதுவும் இல்லை என்று கருந்திரையில் ஒரு வரி மட்டும் வருகிறது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் பட்டியலில் டிரைவின் பெயரே கிடையாது. மாற்றி வாங்குகிறார்கள். மாற்றி வாங்கியதும் அதையேதான் செய்யும்.

கணினியை இயக்கிய முதல் சில நொடிகளில் விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில் எழுதப்பட்ட ஃபர்ம்வேர் என்ற நிரல்தான் இருக்கிறது. பயாஸ் என்பது அதுதான். டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து இயங்குதளத்தின் முதல் பகுதியை நினைவகத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அதற்கு அந்த டிஸ்க்கோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் வரும் டிஸ்க் என்றால் எல்லா போர்டுக்கும் தெரியும். ஹார்ட் டிஸ்க்குக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் அது ஒரே முறைதான். என்விஎம்இ அப்படியல்ல. கூடுதல் கார்டுகள் மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தில் நேரடியாக அமர்ந்துகொண்டு, தனக்கென்று வேறொரு கட்டளைத் தொகுப்பை வைத்திருக்கிறது. அதன் முதல் வரையறை 2011 மார்ச்சில்தான் வெளியானது. அதற்கு முன்னாலும், அதற்குப் பின் சில ஆண்டுகள் வரையிலும் வடிவமைத்த போர்டுகளில் அதற்கான டிரைவரை, அதாவது அதனோடு பேசும் சிறு நிரலை, சேர்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. விண்டோஸுக்குள் அந்த டிரைவர் இருக்கிறது. ஆனால் விண்டோஸே அந்த எஸ்எஸ்டிக்குள்தான் இருக்கிறது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நிலை.

ஆக, இல்லாமல் போனது அளவில் மிகச் சிறிய ஒரு டிரைவர் மட்டுமே. அதை வெளியிலிருந்து கொடுத்துவிட முடியும். மதர்போர்டின் சிப்பில் கை வைக்காமலேயே முடியும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சிப்பில் கை வைத்துப் போர்டையே இழந்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

முதலில் உங்கள் போர்டு எந்தத் தலைமுறை என்று பாருங்கள். 2010 வாக்கிலும் அதற்கு முன்பும் வந்தவை பெரும்பாலும் பழைய பாணி பயாஸ். இன்டெல் 6, 7 வரிசை சிப்செட் கொண்ட போர்டுகளில், அதாவது 2011 முதல் 2013 வரை பரவலாக விற்றவற்றில், பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ வந்துவிட்டது, என்விஎம்இ டிரைவர் வரவில்லை. 2014-இல் வந்த 9 வரிசை போர்டுகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளரே புதுப்பிப்பு மூலம் அதைச் சேர்த்துக் கொடுத்தார். 2015-இல் வந்த 100 வரிசையிலிருந்து இந்தப் பேச்சே இல்லை. ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட் வந்த பிறகு கவலை இல்லை. எனவே வேறு எதையும் முயல்வதற்கு முன், உங்கள் போர்டின் மாதிரி எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் கடைசிப் பயாஸ் புதுப்பிப்பின் குறிப்பைப் படியுங்கள். 'என்விஎம்இ ஆதரவு' என்று ஒரு வரி இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது.

விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் 'பயாஸ் மோட்' என்ற இடத்தில் 'லெகசி' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, போர்டில் யூஇஎஃப்ஐயே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். விண்டோஸை அன்று யாரோ பழைய முறையில் நிறுவினார்கள் என்பதுதான் அதன் பொருள். யூஇஎஃப்ஐ உள்ள போர்டிலும் அப்படி நிறுவ முடியும்.

அடுத்த கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை: இது உங்களுக்குத் தேவைதானா? ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவர் உணரும் மாற்றத்தில் பெரும்பங்கு, தட்டு சுழன்று முள் நகரும் காத்திருப்பு ஒழிவதால் வருவது. அதைச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே கொடுத்துவிடும். அதற்கு மேல் என்விஎம்இ கொடுப்பது தொடர்ச்சியான பெரும் வாசிப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் சொற்பம். பழைய போர்டில் அந்த வேகத்துக்கும் ஒரு கூரை உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-இல் ஒரு தடத்துக்கு நொடிக்கு 500 எம்பி. நான்கு தடம் உள்ள ஸ்லாட்டில் ஏட்டளவில் 2 ஜிபி. கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ஒரே தடம் உள்ள சின்ன ஸ்லாட்டில் மாட்டினால், 550 எம்பி வரை தரும் சாட்டா எஸ்எஸ்டியிடமே தோற்றுப்போகும். இத்தனை சிரமப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு! கணக்கு எழுதவும், இணையம் பார்க்கவும், கடிதம் தட்டவும் உள்ள கணினிக்கு நான் சாட்டா எஸ்எஸ்டியைத்தான் பரிந்துரைக்கிறேன். வீடியோ தொகுப்பவர், மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர், டிரைவை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் ஆகியோருக்கே இனி எழுதுவது.

ஸ்லாட்டைப் பார்க்கும்போது அதன் நீளத்தை நம்ப வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு உரிய நீளத்தில் இரண்டாவது ஸ்லாட் இருக்கும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் உலோகத் தொடுமுனைகள் பாதித் தூரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும். அது நான்கு தட ஸ்லாட். நமக்கு அதுவே போதும். சில போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டை நிரப்பினால் முதல் ஸ்லாட்டின் 16 தடம் 8 ஆகப் பிரியும், கையேட்டில் எழுதியிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டே இல்லாதவர்கள் அதற்குரிய முதல் ஸ்லாட்டிலேயே அடாப்டரை மாட்டலாம்.

அடாப்டரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. எம்.2 என்பது அளவையும் வடிவத்தையும் மட்டுமே குறிக்கும். அந்த வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. இரண்டு எம்.2 இடங்கள் கொண்ட அடாப்டர் ஒன்று பரவலாக விற்கிறது. அதில் ஓர் இடம்தான் என்விஎம்இக்கு. மற்றது சாட்டா வகைக்கு, அதற்குத் தனியாக ஒரு சாட்டா கேபிளைப் போர்டுக்கு இழுக்க வேண்டும். கேபிள் இல்லாமல் மாட்டிவிட்டு 'தெரியவில்லை' என்பார்கள். டிரைவின் விளிம்பில் தங்க முனைகளுக்கு நடுவே இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. இதற்கு விதிவிலக்குகள் இருப்பதால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பதே நிச்சயம்.

இனி பூட் விஷயம். லினக்ஸ் பயன்படுத்துபவருக்கு இது பெரிய தலைவலி இல்லை. பூட்லோடரும் (இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) பூட் பார்ட்டிஷனும் (டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய பகுதி) பழைய சாட்டா டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ இருக்கட்டும். மற்றதெல்லாம் என்விஎம்இயில் இருக்கட்டும். இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஃபர்ம்வேர் சாட்டாவிலிருந்து எடுத்துக்கொடுத்துவிடும். அந்தக் கெர்னல் தன் சொந்த டிரைவரைக் கொண்டு என்விஎம்இயைத் திறந்துகொள்ளும். நிறுவும்போதே பார்ட்டிஷனை இப்படிப் பிரித்துவிட்டால் போதும்.

விண்டோஸில் இதையே செய்து பார்த்து ஏமாந்தவர்கள் பலர். பூட் பார்ட்டிஷனைச் சாட்டாவில் வைத்துவிட்டு விண்டோஸை என்விஎம்இயில் வைத்தால் ஓடாது. காரணம், விண்டோஸின் பூட்லோடர் தன் கெர்னலையும் ஆரம்ப டிரைவர்களையும் எடுக்க ஃபர்ம்வேரின் உதவியைத்தான் நாடுகிறது. ஃபர்ம்வேருக்கோ அந்த டிரைவ் இருப்பதே தெரியாது. ஆகவே விண்டோஸ் தொடங்கும் முன்பே ஃபர்ம்வேருக்கு டிரைவரை ஊட்டியாக வேண்டும்.

அதற்கு நான் பயன்படுத்துவது குளோவர் என்னும் பூட்லோடர். மேக் அல்லாத கணினியில் மேக் இயங்குதளத்தை ஓட்ட எழுந்த திட்டம் அது. நமக்கு அந்த வேலை வேண்டாம், அதனுள் இருக்கும் ஒரு கோப்பு மட்டும் வேண்டும். பென்டிரைவில் குளோவரை நிறுவி, அதன் டிரைவர்கள் கோப்புறையில் 'என்விஎம் எக்ஸ்பிரஸ் டிஎக்ஸ்இ' என்ற கோப்பு இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். அங்கே இரண்டு உட்கோப்புறைகள்: ஒன்று யூஇஎஃப்ஐ போர்டுகளுக்கு, மற்றது பழைய பயாஸுக்கு. தவறான கோப்புறையில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் விழிப்பவர்கள் உண்டு. எதில் போடுவது என்று சந்தேகம் இருந்தால் இரண்டிலும் போட்டுவிடுங்கள். பிறகு பயாஸில் அந்தப் பென்டிரைவை முதல் பூட் சாதனமாக வைத்து, செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அணைத்து, கணினியை இயக்குங்கள். குளோவர் எழுந்து டிரைவரை ஏற்றியதும், அதுவரை கண்ணுக்குத் தெரியாத என்விஎம்இயின் பூட் பார்ட்டிஷன் திரையில் ஒரு படக்குறியாக வந்து நிற்கும். அதைத் தேர்ந்தால் விண்டோஸ் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்காமல் இருக்க, அமைப்புக் கோப்பில் இயல்பு பார்ட்டிஷனையும் சில நொடி அவகாசத்தையும் எழுதிவிடலாம். யூஇஎஃப்ஐயே இல்லாத போர்டிலும் இது நடக்கும். அங்கே குளோவர் அந்தச் சூழலைத் தானே உருவாக்கிக்கொள்கிறது.

விண்டோஸைப் புதிதாக நிறுவுவதாக இருந்தால் நிறுவும் பென்டிரைவையும் குளோவர் வழியாகவே தொடங்குங்கள். அப்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் விண்டோஸ் தன் பூட் பார்ட்டிஷனைப் பழைய டிஸ்க்கில் போய் அமைத்துக்கொள்ளும். குழப்பம் மறுபடி தொடங்கும். பழைய விண்டோஸையே குளோன் செய்பவர்கள் டிஸ்க் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பார்ட்டிஷன் பட்டியலை எழுதும் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால், புதிய ஜிபிடி முறைக்கு மாற்றியாக வேண்டும். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் இதற்கு உள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், எதையும் தொடும் முன் அதை நிறுத்திவைத்து, மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்கு என்விஎம்இ இயல்பாகத் தெரியாது. தனியாக ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். இன்று அந்தப் பாட்டை யாரும் படவேண்டாம் என்பது என் எண்ணம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. புதிய எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் 11-க்குத் தகுதி வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வராது, அதன் நிபந்தனைகள் செயலியையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறையும் சார்ந்தவை.

சாம்சங் 2015-இல் வெளியிட்ட 950 புரோ மட்டும் ஒரு விசித்திரம். பழைய பயாஸுக்கு வேண்டிய நிரலைத் தன்னுள்ளேயே சுமந்து வந்ததால், பல பழைய போர்டுகளில் நேராகவே பூட் ஆனது. பின்னால் வந்த மாதிரிகளில் அந்த வசதி தொடரவில்லை.

கடைசியாக, பலரும் முதலில் பாயும் வழி: பயாஸ் கோப்பையே பிரித்து, டிரைவரைச் செருகி, மீண்டும் சிப்பில் எழுதுவது. வெற்றியடைந்தால் அழகுதான். பென்டிரைவே வேண்டாம். பல போர்டுகளில் என்விஎம்இ டிரைவ் 'பாட்டா எஸ்எஸ்' என்ற சம்பந்தமில்லாத பெயரில் பூட் பட்டியலில் தோன்றும். கீழே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியும் வரும். ஆனால் தவறினால் கணினியில் திரையே வராது. அப்போது சிப்பை நேரடியாக எழுதும் புரோகிராமர் கருவி வேண்டும். சிப் சாக்கெட்டில் அமர்ந்திருந்தால் கழற்றலாம். பற்றவைத்திருந்தால் கிளிப் போட்டுப் பிடிக்க வேண்டும். 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் அதுவும் போயிற்று. நான்காம் தலைமுறை இன்டெல்லிலிருந்து சில கணினிகளில் பூட் கார்டு என்ற காவல் உண்டு. திருத்திய ஃபர்ம்வேரை அது ஏற்காது. இன்னொன்று: தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும் கோப்பு உங்கள் சிப்பின் நகல் அல்ல. நெட்வொர்க் முகவரி, வரிசை எண் போன்றவை உங்கள் சிப்பில் மட்டுமே இருக்கும். எழுதும் முன் சிப்பை இருமுறை படித்து, இரண்டு நகலும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு வைத்துக்கொள்ளாதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

குளோவர் வழியைத் தேர்ந்தவர்களுக்கு ஆபத்து வேறு வடிவில் வரும். மாதக்கணக்கில் கணினி ஒழுங்காக ஓடும். பின்னால் செருகிய பென்டிரைவ் எதற்கென்று எல்லோரும் மறந்திருப்பார்கள். ஓர் அலுவலகத்தில் ஒருவர் புகைப்படம் ஏற்றிக்கொள்ள அதைப் பிடுங்கி ஃபார்மட்டும் செய்துவிட்டார். மறுநாள் காலை கணினி தொடங்கவில்லை என்று அழைப்பு வந்தது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று அவர்களே தீர்ப்பும் எழுதியிருந்தார்கள். அதிலிருந்து, பழைய சாட்டா டிஸ்க் உள்ளேயே தங்குகிறதென்றால் குளோவரை அதில் ஒரு சிறு பார்ட்டிஷனில் வைத்துவிடுகிறேன். அதற்கு வழியில்லாத இடங்களில், மதர்போர்டின் உள் யூஎஸ்பி முனையில் ஒரு சிறிய மாற்றி மூலம் பென்டிரைவைக் கேபினெட்டுக்குள்ளேயே மாட்டி, அதே உள்ளடக்கத்தோடு இன்னொரு பென்டிரைவை உரிமையாளர் கையில் கொடுத்துவிடுகிறேன்.