மேற்பார்வையாளரின் கோபத்துக்கு அடியில்

கிளிநொச்சிப் பக்கம் தையல் ஆலை மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனால் வருகிற முதல் கேள்வி, "வேலை செய்யிற பிள்ளையளை எப்படி மிஸ் சமாளிக்கிறது?" என்பதுதான். மேலிடத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டு வரும்போது உங்களுக்கு உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். சிரிப்பார்கள். பிறகு ஒருவர் பிடரி என்பார், இன்னொருவர் வயிறு என்பார். அதற்குப் பிறகுதான் கதை தொடங்கும்.

ஒரு தையல் ஆலை (ஆட்களின் அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்). பலகையில் எழுதியிருந்த எண்ணிக்கை டார்கெட்டுக்குக் கீழே. லைன் பொறுப்பாளர் நேரே போய், கொலர் தைக்கும் பிள்ளையின் மேசையில் ஓங்கித் தட்டி, "என்ன, நித்திரையோ?" என்று கத்தினார். அவள் வாய் திறக்கவில்லை. கை நடுங்கியது, ஊசி முறிந்தது, பக்கத்து மெஷின்களும் மந்தமாகிவிட்டன. பின்னேரம் கதைத்தபோது கோபம் வந்துவிட்டது என்றுதான் ஆரம்பித்தார். கொஞ்சம் பொறுத்து, "என்னை நிப்பாட்டிப்போடுவினமோ எண்டு பயமாக் கிடந்தது" என்றார். ஆம்பிளை பயத்தைக் கோபமாகக் காட்டினால் எங்கள் பக்கம் யாரும் ஏனென்று கேட்பதில்லை.

2007இல் அமெரிக்க உளவியலாளர் மத்தியூ லீபர்மன் குழுவினர் செய்த மூளை ஸ்கேன் ஆய்வில், படத்தில் தெரியும் முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களுக்கு பயம் போன்ற உணர்ச்சிகளுக்குத் துடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் பரபரப்புக் குறைந்தது. லைனுக்கு நடக்குமுன் "எனக்கு இப்ப பயம்" என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கச் சொல்வது அதை வைத்துத்தான். அப்புறம் போய், "நூல் அறுகுதோ தங்கச்சி?" என்று கேட்கலாம்.

கிளிநொச்சி இருக்கும் வன்னியில் இது இன்னும் முக்கியம். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி எழுதியபோது, தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையையும் போர் உடைத்ததைக் காட்டினார். இன்று முப்பது வயதிலிருப்பவர் யுத்தம் முடிந்த 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளை. தட்டிய பொறுப்பாளரும் அதே பங்கருக்குள் இருந்து வந்தவராக இருக்கலாம். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டி லீவு கேட்டால் காரணம் துருவாமல் கொடுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் கட்டவும் வேண்டாம். சிலருக்கு அன்று நுண்கடன் தவணை நாள், அவ்வளவுதான்.

உங்களுக்கோ லைனில் இருக்கும் பிள்ளைகளுக்கோ கிழமைக்கணக்கில் நித்திரை இல்லாமல் போனால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.